இடது முன்கதவுக் கண்ணாடி

காரின் முன்கண்ணாடி வழியாக நூற்றுக்கு எழுபது பங்கு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். முன்கதவுகள் இரண்டிலும் ஐம்பது பங்கு. பின்கதவுக் கண்ணாடிகளும் வண்டியின் பின்கண்ணாடியும் எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகலாம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைத் தப்பில்லாமல் ஒப்பிப்பேன். கூலாய் வட்டாரத்தில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள் முதலில் உட்கார வேண்டிய சட்ட வகுப்பை நடத்துவது என் வேலை. இருபது வருடத்துக்கும் மேலாக அதே அறை, அதே ஏர்கோன் இரைச்சல், அதே தூங்குமூஞ்சிகள். மலாயில் பாடம். தமிழ்ப் பிள்ளைகள் முழித்தால் தமிழில் ஒரு வரி.

டின்ட் பாடம் வந்தால் மட்டும் வகுப்பு விழித்துக்கொள்ளும். இந்த ஊர் வெயிலில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். "சார், லேசா கூடப் போனா தெரியுமா சார்?" என்று யாராவது கேட்பார்கள். கண்ணாடியின் இருபுறமும் வைத்து அளக்கும் கருவியைப் பற்றிச் சொல்வேன். "அது உன் மூஞ்சியப் பாக்காதுப்பா, நம்பரைத்தான் பாக்கும்" என்பேன். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு மிதப்பு. வாசலில் நிற்கும் என் காரில் யார் வந்து தேடினாலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்கிற மிதப்பு. அந்த மிதப்புக்காகத்தான் என் மனைவியை என் பக்கத்து இருக்கையிலிருந்து எழுப்பி விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பண்டார் தெங்காராவில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் அடுப்படி, நான் தொலைக்காட்சி. பேச்செல்லாம் காரில்தான். அவள் கூலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் பள்ளிக்குப் போவேன், மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். சாலையின் இருபுறமும் செம்பனை, நடுவில் நாங்கள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினால் வாய் திறப்பாள், வீட்டு வாசல் வரை மூடமாட்டாள். சூப்பர்வைசர் செய்த அக்கிரமம், கூட வேலை பார்க்கும் பெண்ணின் மாமியார், முன்னால் போகும் லாரிக்காரனின் பரம்பரை, எல்லாம் வரும். ஆரஞ்சை உரித்து, நாரெடுத்து, என் வாய்க்கு நேரே நீட்டுவாள். நான் சாலையைப் பார்த்தபடியே வாயைத் திறப்பேன். சிக்னல் போடாமல் எவனாவது குறுக்கே வந்தால் எனக்கு முன்னால் அவள் கத்துவாள். "இவனுக்கெல்லாம் நீங்கதான் பாடம் எடுத்தீங்களா?" என்பாள். எங்கள் குடும்பம் என்று ஒன்று நடந்தது அந்த இரண்டு முன்னிருக்கைகளில்தான்.

முதலில் மங்கு என்றுதான் நினைத்தோம். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளைத் தோலாக இருந்தால் சிவந்து காட்டியிருக்கும். எங்கள் நிறத்தில் அது கறுப்பாகத்தான் தெரிந்தது. அவள் என்னென்னவோ பூசினாள். பிறகு மூட்டு வலி, காய்ச்சல், தலை சீவினால் கொத்தாக முடி. ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து லூபஸ் என்றார்கள். உடம்பு தன்னையே எதிரி என்று எண்ணித் தாக்கும் நோய். வெயில் பட்டால் அது கிளம்பும். கிளம்பினால் தோலோடு நிற்காது, சிறுநீரகத்தில் போய்க் கைவைக்கும் என்றார் டாக்டரம்மா. வேலையை விட்டாள். மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை, சில மாதம் இருமுறை போகவேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பண்டார் தெங்காராவிலிருந்து ஜொகூர் பாரு போகும் பாதை ஏறக்குறையத் தெற்குப் பார்த்தது. காலையில் போகிறோம், சூரியன் கிழக்கே, அதாவது இடப்பக்கம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம். மருந்து வாங்கிக்கொண்டு பிற்பகலில் வடக்கே திரும்புகிறோம்; சூரியன் மேற்கே போயிருக்கும், அதுவும் இடப்பக்கம்தான். போகும்போதும் அவள் மேல்தான் வெயில், வரும்போதும் அவள் மேல்தான். நான் போகவும் வரவும் நிழலில் உட்கார்ந்து ஓட்டினேன். கடவுளே உட்கார்ந்து கணக்குப் போட்டது மாதிரி இருந்தது.

டின்ட் ஒட்டினேன். ஒட்டாமல் இல்லை. கூலாயில் தெரிந்த ஒரு சீனர் கடையில், முன்கதவுக்கு ஐம்பது பங்கு வெளிச்சம் விடும் நல்ல தாளாகப் பார்த்து, கருவியை வைத்து அளந்து காட்டச் சொல்லி ஒட்டினேன். வெயிலில் உள்ள கெட்ட கதிரையெல்லாம் இதே தடுத்துவிடும் என்றார் கடைக்காரர். மூன்று மாதம் கழித்து அவள் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடித்துக் கொப்பளித்திருந்தது. வலது கையில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"கார்ல இடப்பக்கம் உக்காருறாங்களா?"

"ஆமா டாக்டர். டின்ட் போட்டிருக்கு. லீகல் டின்ட்தான்."

"சில பேருக்கு அது போதும் சார். இவங்களுக்குப் போதல. வெளிச்சமே ஆகலன்னு தோணுது. நான் வேணும்னா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சொல்லி லெட்டர் எழுதித் தர்றேன். முன்னாலயும் கறுப்பா போட்டுக்க போக்குவரத்து இலாகாவுல அப்ளை பண்ணலாம்."

"தெரியும் டாக்டர். அதெல்லாம் வேணாம். சட்டத்துக்குள்ளயே பாத்துக்கறேன்."

தெரியும். அதுதான் கொடுமை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, மருத்துவச் சான்றோடு மனுச் செய்யலாம் என்பது என் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் அந்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். அந்த வரி மற்றவர்களுக்கு என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. விலக்கும் சட்டத்துக்குள்தான் இருக்கிறது என்பது பாடம் நடத்துகிறவனுக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக் கொண்டாள்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். கிடைக்கும் ஒரே பதில் என் அப்பா. அவர் செடெனாக் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். தோள் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். உள்ளே கணக்கெழுதும் கிராணி நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்க வேண்டும். அவர் வேண்டுமென்றே நிமிரமாட்டார். காய்ச்சலோடு ஒரு மனிதன் ஒருநாள் லீவுக்காக அப்படி நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சலுகை என்று எவனிடமும் போய் நிற்கமாட்டேன் என்று அன்றைக்கு நெஞ்சில் எழுதிக்கொண்டேன். நல்ல வைராக்கியம்தான். ஆனால் நிற்கமாட்டேன் என்றவன் நான், கொப்பளித்தது அவள் கை.

லெட்டர் இல்லாமல் போனதால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பாத்தேக் கைலியை நாலாக மடித்து, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, அதன் விளிம்பில் செருகி, மறுபடி ஏற்றிவிடுவாள். திரைபோலத் தொங்கும். அதுவும் தப்பு என்று எனக்குத் தெரியும். இடப்பக்க வெளிக்கண்ணாடி மறைந்துபோகும், பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது. சொன்னேன். "நான் பாத்துச் சொல்றேங்க" என்றாள். உண்மையாகவே பார்த்துச் சொன்னாள். கைலியின் ஓரத்தைத் தூக்கி, "ஒரு மோட்டோ வர்றான், இருங்க… ம், போங்க" என்பாள். அப்படிச் சில வாரம் ஓடியது. இப்போது நினைத்தால் அவைதான் கடைசி நல்ல வாரங்கள்.

ஒருநாள் அவளைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு, நேரமாகிவிட்டதால் நேரே வகுப்புக்கு வந்தேன். அவள் பள்ளி கேண்டீனில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் பாடம் டின்ட். எழுபது, ஐம்பது என்று பலகையில் எழுதி முடிக்கவில்லை, பின்வரிசையில் ஒருவன், "சார், கைலிக்கு எத்தனை பெர்சென்ட் சார்?" என்றான். ஜன்னல் வழியாக என் கார் தெரிந்தது. கைலி தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். காது இரண்டும் கொதித்தது. காரில் ஏறியதும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் அந்தக் கைலி மேல் ஒரு வன்மம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போகும் வழியில், கூலாய் தாண்டி ரோட் பிளாக். கூம்புகளை வைத்து இரண்டு வரிசையை ஒன்றாக்கியிருந்தார்கள். முன்னால் ஏழெட்டுக் கார்கள் ஊர்ந்தன. போலீஸ்காரர்கள் இன்னும் எங்களைப் பார்க்கவேயில்லை. என் கை தானாக அவள் மடியைத் தாண்டிப் போய்க் கைலியைப் பிடித்து இழுத்தது. செருகி இருந்ததால் வரவில்லை. வேகமாக இழுத்தேன். கிழிந்துகொண்டு வந்தது. அவள் முகத்தின் மேல் சுள்ளென்று வெயில் விழுந்தது. அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வெயிலுக்காகத்தான் தூக்கினாள். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு, அடிக்கப் போன புருஷனிடமிருந்து மறைத்துக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

போலீஸ்காரர் எங்களைப் பார்த்துக் கையை வீசினார். ஜாலான், ஜாலான், போங்கள். கார் நிற்கக்கூட இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை.

கிழிந்த கைலியை அவள் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி மாட்டிக்கொள் என்று ரோட் பிளாக் தாண்டியதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் மாட்டவில்லை. மருத்துவமனை வரை இடது கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தபடியே வந்தாள். அதற்கப்புறம் கை வலித்து இறக்கிக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கடுத்த முறை அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"என்னம்மா இது?"

"பின்னால எவ்வளவு கறுப்பா வேணும்னாலும் போடலாம்ன்னு நீங்கதானே சொல்லுவீங்க. இங்க கறுப்பாதானே இருக்கு."

சட்டப்படி அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பின்கதவுக்கு ஏற்கனவே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தேன். அதிலும் இடப்பக்கம் வெயில் என்பதால் அவள் எனக்கு நேர் பின்னால், வலப்பக்கம் உட்கார்ந்தாள். உள்கண்ணாடியில் பார்த்தால் அவள் தெரியமாட்டாள். தொப்பியின் ஓரம் மட்டும் எப்போதாவது தெரியும். எனக்கு அன்று உள்ளூர நிம்மதிதான் வந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிக்கல் சட்டப்படி தீர்ந்தது என்று நினைத்தேன். புத்திசாலி என்று அவளை மெச்சிக்கூடக் கொண்டேன்.

அப்படி நான்கு வருடம் போனது.

பின்னால் இருந்து பேசினால் கேட்காது. டயர் இரைச்சல், அவள் முகக்கவசம், மருந்தால் இறங்கிப்போன குரல். "என்ன?" என்பேன். இன்னொரு முறை சொல்வாள். "என்னம்மா, கேக்கல" என்பேன். "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்பாள். முதல் வருடம் ஒரு பயணத்தில் பத்து முறையாவது அப்படி நடந்தது. இரண்டாம் வருடம் இரண்டு மூன்று முறை. பிறகு அவள் சொல்லவும் இல்லை, நான் என்ன என்று கேட்கவும் இல்லை. லாரிக்காரன் குறுக்கே வந்தால் நான் தனியாகத் திட்டிக்கொண்டேன். ஆரஞ்சை உரித்துத் தானே சாப்பிட்டாள் என்பது வாசனையில் தெரியும். ஒருமுறை தோளுக்கு மேலாக ஒரு சுளையை நீட்டினாள். சட்டையில் சாறு விழுந்துவிட்டது. "அலாமாக், வகுப்புக்குப் போகணும்" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் நீட்டவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கோயில் வாசலில் இறங்கும்போது, "என்னண்ணே, டாக்சி ஓட்டறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். புருஷன் ஓட்ட, பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போனால் எங்கள் ஆட்கள் ஒன்று சண்டை என்பார்கள், இல்லை ஜம்பம் என்பார்கள். அவள் வெயிலில் நிற்க முடியாமல் குடையோடு உள்ளே ஓடிவிட்டாள். நான் நின்று லூபஸ் என்றால் என்ன, முன்கதவுக்கு ஐம்பது, பின்கதவுக்கு வரம்பில்லை என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே நழுவினார்.

நான்காம் வருடம் வகுப்பு முடிந்து ஒரு பெண்மணி என் மேசைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், அப்போதுதான் ஓட்டப் பழகுகிறவர். அண்ணனுக்குத் தோலில் ஏதோ கோளாறு, வெளிச்சமே ஆகாது, நீங்கள் சொன்ன விலக்குக்கு எப்படி மனுப் போடுவது என்று கேட்டார். உட்கார வைத்தேன். பாரத்தை எடுத்துத் தந்தேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், டாக்டர் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், காரின் பதிவுச் சான்றான கிராண்ட் நகல், அடையாளக் கார்டு நகல், எல்லாம் வரிசையாகச் சொல்லி, நானே பென்சிலால் குறித்தும் கொடுத்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்காது. சில வாரம் கழித்து ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். கிடைத்துவிட்டதாம். அவர் அண்ணன் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாராம். கண் கலங்கிக் கும்பிட்டார்.

அந்த முறுக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பிட உட்கார்ந்ததும் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எப்படி விளக்கினேன், என்ன எழுதிக் கொடுத்தேன், அந்த அம்மா எப்படிக் கும்பிட்டார், ஒன்றுவிடவில்லை. பெருமையாக, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, அளவாக ஊற்றிக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"நல்ல காரியம்" என்றாள். "பாவம், அந்த அண்ணன் சந்தோசப்பட்டிருப்பாரு."

எழுந்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன். ஒரு முறுக்கும் கடித்தேன். கை கழுவ எழுந்து, குழாயைத் திறந்து, சோப்பு போடும்போதுதான் எனக்கு உறைத்தது. குழாய் பாட்டுக்கு ஓடியது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவள் காலைப் பிடித்திருக்க வேண்டும். அதற்கும் எனக்குத் துப்பில்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மருத்துவமனை நாளில் லெட்டர் கேட்டேன். பழைய டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார்; புதியவர் உடனே ஏற்பாடு செய்தார். சிறுநீரகத்தில் நோய் இறங்கிவிட்டது என்பதையும் அதே நாளில்தான் சொன்னார். வெயில்தான் காரணமா என்று கேட்டேன். அப்படி ஒன்றைமட்டும் சொல்ல முடியாது சார் என்றார். அது எனக்காகச் சொன்ன பதில். அவரும் நல்ல பெண்.

இலாகாவில் எண் கொடுத்தார்கள். உட்கார நாற்காலி இருந்தது. என் எண் வந்ததும் முகப்பில் இருந்த மலாய்ப் பெண், "சீலா டூடோக், பாக் சிக்" என்று உட்காரச் சொன்னாள். காகிதங்களைப் பார்த்தாள். மனைவி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். நோய் கண்டுபிடித்த தேதியில் விரலை வைத்து, இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். யாரும் என்னை நிற்க வைக்கவில்லை. நான்கு வருடத்துக்கும் மேலாக நான் பயந்து ஒதுங்கிய வாசல் அங்கே இல்லவே இல்லை. அப்பா நின்றது வேறு காலம், வேறு கதவு. அது தெரிந்துகொள்ள எனக்கு அவள் சிறுநீரகம் தேவைப்பட்டது.

அனுமதி வந்தது. அதே கடையில் சீனர் பழைய தாளை உரித்துவிட்டுக் கறுப்புத் தாள் ஒட்டினார். கடிதத்தைக் காட்டினேன். "போலே லா, பாஸ், சூராட் அடா" என்று சிரித்தார், கடிதம் இருக்கிறதே, பிறகென்ன என்று. ஈரம் வழித்து, சூடு காட்டி, ஓரம் வெட்டி முடித்தபோது நான் உள்ளே ஏறி இடது இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே மாலைபோல இருந்தது. கையை நீட்டிக் கண்ணாடியில் வைத்தேன், சூடு இல்லை. கடைக்காரர் பார்க்கிறார் என்பதையும் மறந்து அந்த இருக்கையில் உட்கார்ந்து அழுதேன்.

மருத்துவமனை நாள் காலை. காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இடது முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான புதிதில்கூட அப்படித் திறந்துவிட்டதில்லை. அவள் தொப்பியோடும் கவசத்தோடும் வெளியே வந்தாள். கதவைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

"போட்டாச்சும்மா. லெட்டர் கெடச்சிருச்சு. இனிமே முன்னாலயே உக்காரலாம். வெயிலே படாது."

"நல்லா போட்டிருக்கான்" என்றாள். விரலால் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, வழக்கமான இடத்தில், எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நான் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றேன். "ஏம்மா?" என்றேன். அவள் கவசத்தை இறக்கினாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் இறக்கினாள்.

"அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட வேணாம்ன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பவும் உங்க மூஞ்சியப் பாத்தா கோவம் வருதுங்க. பின்மண்டையப் பாத்தா வரல. நான் இங்கயே இருக்கேன். நீங்க ஓட்டுங்க, நேரமாச்சு."

குரலில் கோபமே இல்லை. மருந்து சீட்டு எடுத்தாச்சா என்று கேட்கிற அதே குரல். முன்கதவைச் சாத்தினேன். சுற்றி வந்து ஏறி, பெல்ட்டை மாட்டி, சிக்னல் போட்டுச் சாலையில் ஏறினேன். வரிசை மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, தோளுக்கு மேலாக ஒருமுறை தலையைத் திருப்பிப் பார் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்று ஜொகூர் பாரு வரை ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை.